சேற்றுக்கோட்டை எல்லாருக்கும் ஆனபோது

சேற்றுக்கோட்டை என்று ஒரு வீடியோ கேம் வந்தது. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, சதுப்பு நிலத்தைக் கடந்து, கோட்டைக்குள் போய்ச் சேர வேண்டும். வரைபடம் கிடையாது. எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்ல மாட்டார்கள். செத்தால் மறுபடி முதலிலிருந்து. வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே வாரத்தில் அதைத் திட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். உடுமலைப்பேட்டையில் வாங்கியவர்கள் திட்டவில்லை. சங்கம் வைத்தார்கள்.

சங்கத் தலைவர் தெய்வசிகாமணி. எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்கள் அவரிடம் "ஆச்சுங்களா?" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசியதில்லை. சேற்றுக்கோட்டையிலோ அவர் படைத்தலைவர். ஜெராக்ஸ் கடை பூபாலன் அங்கே மந்திரவாதி. பஞ்சர் கடை ரஹ்மத்துல்லா வில்லாளி. கோழித்தீவனம் விற்கும் நாச்சிமுத்து வைத்தியர்.

பஞ்சர் கடைக்கு மேலே ஓர் அறை. ஞாயிறுதோறும் அங்கே கூடுவார்கள். சதுப்பு நிலத்தின் நடுவில் ஒரு காவல் பூதம் நிற்கும். ஆறு வருஷமாக அதனிடம் அடிவாங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டையை ஒருவரும் பார்த்ததில்லை. "இதோட அருமை நமக்கு மட்டும்தான் தெரியுது" என்பார் தலைவர். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடி சாகப் போவார்கள். அவ்வளவு சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமைகள்.

அப்படி இருக்கும்போது இரண்டாம் பாகம் வரப்போவதாகச் செய்தி வந்தது. கம்பெனிக்காரர் பேட்டியில் சொல்லியிருந்தார்: "இந்த முறை இது எல்லாருக்குமான விளையாட்டு."

சங்கம் அவசரமாகக் கூடியது.

"எல்லாருக்கும்னா யார் யாருக்கு?" என்று கேட்டார் ரஹ்மத்துல்லா.

"எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான்" என்றார் தலைவர்.

"தாராபுரத்துக்காரங்களுக்குமா?"

"தாராபுரம் என்ன, காங்கேயமும் உண்டு."

நாச்சிமுத்துவுக்கு வேறு கவலை. "அப்ப எங்க மாமியாரும் விளையாடுவாங்களா?"

"எல்லாருக்கும்னு போட்டிருக்கு. உங்க மாமியார் நீங்கலாகன்னு போடலையே."

நாச்சிமுத்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

கம்பெனிக்கு ஒரு கடிதம் போனது. "பூதத்தை இளைக்க வைக்காதீர்கள். சேற்றின் ஆழத்தைக் குறைக்காதீர்கள். எங்களுக்கு எதுவும் புரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பூபாலன் எழுதி, வழக்கப்படி இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, அவற்றையும் அதே உறைக்குள் வைத்து அனுப்பினார்.

பத்து நாளில் பதில் வந்தது. கூடவே இரண்டாம் பாகத்தின் மாதிரிப் பிரதி ஒன்றும் வந்தது. "இதுவரை விளையாடாத ஒருவரை உட்காரவைத்து விளையாடச் சொல்லுங்கள். அவர் எங்கெங்கே தடுமாறுகிறார் என்று எழுதி அனுப்புங்கள். வெளியாகும் நாள் வரை இதை யார் கண்ணிலும் காட்டக் கூடாது" என்று எழுதியிருந்தார்கள்.

"கண்ணிலே காட்டாம எப்படி விளையாட வைக்கிறது?" என்றார் ரஹ்மத்துல்லா.

"கம்பெனியில இருக்கறவங்க படிச்சவங்க. யோசிக்காமலா எழுதியிருப்பாங்க" என்றார் தலைவர். "கண்ணைக் கட்டிடுவோம்."

கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாட ஊரில் யாரும் இசையவில்லை. கடைசியில் நாச்சிமுத்துவின் மாமியார் மயிலாத்தாள் வந்தார். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருமகன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேதான் போகிறார் என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு நீண்டநாள் ஆசை. கண்ணைக் கட்டும் விஷயத்தை அவரிடம் முன்கூட்டி யாரும் சொல்லவில்லை.

படியேறி உள்ளே வந்ததும் துண்டால் கண்ணைக் கட்டினார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, கையில் விளையாடும் கருவியைக் கொடுத்தார்கள். தலைவர் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"முன்னாடி சேறுங்க. இடதுபக்கம் திரும்புங்க. இப்ப எதிர்ல பூதம் நிக்குதுங்க. வாளை வீசுங்க."

"எதுக்கு வீசோணும்?"

"பூதம்ங்க அது."

"அது பாட்டுக்கு நிக்குதா, நம்ம மேல பாயுதா?"

தலைவர் உற்றுப் பார்த்தார். "இப்போதைக்கு நிக்குதுங்க."

"அதுகூடப் பேசறதுக்கு இதுல ஒண்ணும் இல்லீங்களா?"

"ஒரு பொத்தான் இருக்குதுங்க. முதல் பாகத்துலயும் இருந்துச்சு. நாங்க அமுக்கினதில்லை."

"ஏனுங்க?"

"முன்னப்பின்னே தெரியாதவங்ககிட்ட எப்படிங்க பேச்சுக் குடுக்கறது?" என்றார் தலைவர்.

மயிலாத்தாள் அது எந்தப் பொத்தான் என்று கேட்டு அமுக்கி, பூதத்திடம் வழி கேட்டார். "உங்களுக்கு இல்லாத வழியா, போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பூதம் ஒதுங்கி நின்றது. அரைமணி நேரத்தில் மயிலாத்தாள் கோட்டைக்குள் இருந்தார். "ஆச்சுங்களா? எனக்கு அரிசி ஊறப்போட்டிருக்குது" என்று எழுந்து, துண்டை அவிழ்த்து, மருமகனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

தெய்வசிகாமணி திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பூதத்திடம் அவர் நானூறு முறையாவது செத்திருப்பார். ஒருமுறைகூட அது அவரிடம் வாய் திறந்ததில்லை.

ஆனாலும் கேட்டதை எழுதி அனுப்ப வேண்டுமே. பூபாலன் உண்மையை உள்ளபடி எழுதினார்: "தடுமாறிய இடங்கள் இரண்டு. ஒன்று, எங்கள் மாடிப்படியின் மூன்றாவது படி. இரண்டு, கண்ணைக் கட்டியபின் நாற்காலியைத் தேடியபோது. விளையாட்டில் எங்கும் தடுமாறவில்லை."

கம்பெனியில் அதைப் படித்தவர்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அடுத்த மாதம் எல்லா இடத்திலும் விளம்பரம் வந்தது: "கண்ணைக் கட்டிவிட்டாலும் கோட்டைக்குப் போகலாம்."

அவ்வளவுதான். ஊரே வாங்கியது. தாராபுரம் வாங்கியது, காங்கேயமும் வாங்கியது. டவுன் பஸ்ஸில் நடத்துநரும் ஓட்டுநரும் பூதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். மோட்டார் கொண்டுவந்தவர்கள் தெய்வசிகாமணியிடம் முதல்முறையாகப் பேச்சுக் கொடுத்தார்கள். "நாங்க நேத்தே கோட்டைக்குப் போயிட்டோமுங்க. நீங்க?" என்று கேட்டார்கள். அவர் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து சுற்றினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் துக்கத்தோடு கூடியது. சரி, வாங்கியாயிற்று, திறந்தாவது பார்ப்போம் என்று திறந்தார்கள். முதல் திரையில், மாதிரிப் பிரதியில் இல்லாத இரண்டு வரி இருந்தது. "எளிது: எல்லாருக்கும்." அதற்குக் கீழே, "கடினம்: சிலருக்கு மட்டும்."

தெய்வசிகாமணி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நம்மளை மறக்கலை" என்றார்.

கடினத்தை அமுக்கப் போன கையைப் பூபாலன் பிடித்துக்கொண்டார். "சிலருக்கு மட்டும்னு போட்டிருக்குங்க. நாம எத்தனை பேரு?"

"நாலு பேரு."

"அதான் இடிக்குது. நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பாங்க, நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு எங்க வீட்ல சொல்லாத நாளில்லை. நாலு பேருன்னா ஊருன்னு அர்த்தம்."

தலைவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப இத்தனை வருஷமா ஊருக்கே தெரிஞ்சுதான் இருந்துச்சா?" என்றார் ரஹ்மத்துல்லா மெதுவாக.

"ஒருத்தர் விலகிட்டா மூணு பேராயிடும்" என்றார் நாச்சிமுத்து. சொன்ன பிறகு எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து, "யாராவது ஒருத்தரைச் சொன்னேன்" என்றார்.

யாருக்கும் விலக மனமில்லை. யாரையும் விலக்கவும் மனமில்லை. தலைவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"யாரும் போக வேண்டாம்" என்றார். "இன்னொருத்தரைச் சேர்த்துக்குவோம். அஞ்சு பேராயிட்டா, நாலு பேருன்னு எவனும் சொல்ல முடியாது."

"அஞ்சு நாலுக்கு ரொம்பப் பக்கமாச்சுங்களே. ஒருத்தர் லீவு போட்டா மறுபடி நாலு" என்றார் பூபாலன்.

அது நியாயமாகப் பட்டது. நாலிலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போகிறோமோ அவ்வளவு பத்திரம் என்று முடிவானது. உடனே கீழே இறங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். பழநி பஸ், பொள்ளாச்சி பஸ் என்று ஒன்று விடாமல் ஏறி, பார்த்தவர்களையெல்லாம் சங்கத்தில் சேர்த்தார்கள். வெளியில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கைநீட்டிச் சத்தியம் வாங்கினார்கள்.

பொழுது சாய்வதற்குள் சங்கத்தில் இருநூற்றுப் பதினேழு பேர் இருந்தார்கள். தெய்வசிகாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"இனிமேல் இது நமக்கு மட்டும்தான்" என்றார்.