அழுங்கு வனைந்த பெரிய தாழி

நைஜர் ஆற்றுக்கு வெகு தெற்கே ஒரு புல்வெளிக் காடு. அங்கே நியேலே என்றொரு அழுங்கு வாழ்ந்தது. உடம்பெல்லாம் செதில், நீண்ட நகம், யாராவது உரக்கப் பேசினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் கூச்சம். ஆனால் மண்பாண்டம் செய்வதில் நியேலேவுக்கு இணை அந்தக் காட்டில் யாரும் இல்லை.

அதனிடம் சக்கரம் கிடையாது. களிமண்ணைக் கயிறு போலத் திரித்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி வைக்கும். பிறகு பின்னங்காலில் நின்றபடி பானையைச் சுற்றிச் சுற்றி நடந்து, நகத்தால் வழித்துச் சமன் செய்யும். கடைசியில் வாலை ஈரமண் மேல் ஒரு உருட்டு உருட்டினால், பானை முழுக்கச் செதில் செதிலாகக் கோலம் விழும்.

“நியேலே கை வைத்தால் உடையாது” என்று காடே சொல்லும்.

அது உண்மை இல்லை. சின்னச் சட்டிகள் தப்பிவிடும். கொஞ்சம் பெரிதாகச் செய்தால் சூளையில் படீரென்று வெடிக்கும். யார் கண்ணிலும் படுவதற்குள் நியேலே உடைந்த ஓடுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் வளைக்குள் திணித்துவிடும். அதனால்தான் அந்தப் பெயர்.

அந்த வருடம் மழை பொய்த்தது. வடக்கேயிருந்து பாலைவனத்து வறட்டுக் காற்று வீசியது. குளம் குட்டையாகி, குட்டை சேறாகிவிட்டது. மிச்சம் இருந்தது பாறை இடுக்கில் சொட்டும் ஓர் ஊற்று மட்டும். அதுவும் சொட்டச் சொட்டத் தரை குடித்துவிடும்.

காட்டெருமைத் தலைவன் டெம்பா எல்லாரையும் கூட்டியது. “ஊற்றுக்குக் கீழே ஒரு பெரிய தாழி வைத்தால் தண்ணீர் சேரும். இல்லாவிட்டால் ஆற்றுக்கு நடக்க வேண்டியதுதான். பால்குடிக் கன்றுகள் அவ்வளவு தூரம் தாங்காது. நியேலே, உன்னால்தான் முடியும்.”

“செய்துவிடலாம்” என்றது நியேலே.

“ஒன்றை மறக்காதே. தாழியை ஒருமுறை சுடத்தான் காய்ந்த புல் இருக்கிறது. மற்றதெல்லாம் காட்டுத்தீயில் போய்விட்டது” என்றது டெம்பா.

நியேலே வளைக்குத் திரும்பி, ஓட்டுக் குவியலின் மேல் உட்கார்ந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்தியது. விடிவதற்குள் வேறு காட்டுக்கு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தது.

அப்போது வாசலில் கொறிக்கும் சத்தம் கேட்டது. பக்கத்துப் புதரில் குடியிருக்கும் கினிக்கோழி பென்டாதான். தலையை உள்ளே நீட்டி, சரிந்து கிடந்த ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி விழுங்கிக்கொண்டிருந்தது.

“ஐயோ, அதைத் தின்னாதே” என்று நியேலே பதறியது. மறைத்து வைத்தது வெளிப்பட்டுவிட்டதே என்ற பதற்றம்தான் அதிகம்.

“ஏன் அக்கா? எனக்குப் பல்லா இருக்கிறது? நாலு கரகரப்பான துண்டு உள்ளே போனால்தான் தானியம் அரையும். வெறும் மாவாகத் தின்றால் வயிற்றில் களியாக ஒட்டிக்கொள்ளும். எத்தனை நல்ல ஓடு வைத்திருக்கிறாய்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

களியாக ஒட்டிக்கொள்ளும் என்ற சொல்லிலேயே நியேலேவின் மனம் நின்றுவிட்டது. தன் களிமண்ணும் வெறும் மாவுதான். கல்லும் கசடும் இல்லாமல் அரித்து அரித்து எடுத்த மாவு. அதற்கும் கொஞ்சம் கரகரப்பு வேண்டுமோ?

இரண்டு அடை தட்டியது. ஒன்று வெறும் களிமண். மற்றொன்றில் ஓட்டுத் துண்டுகளை நுணுக்கிப் பிசைந்தது. வெயிலில் காயவைத்துக் காத்திருந்தது. வெறும் மண் அடை குறுக்கே பிளந்தது. ஓடு கலந்த அடையில் ஒரு கீறல் இல்லை.

ஆனால் தாழிக்கு வேண்டிய அளவு ஓடுகளை நுணுக்க எருமைக் குளம்பு வேண்டும். எருமைகளைக் கேட்டால் குவியலைக் காட்ட வேண்டும். நியேலே வாசலில் வெகுநேரம் தயங்கி நின்றது. பிறகு ஊற்றங்கரையில் ஒரு கன்று ஈரத் தரையை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தது. அதன்பின் தயங்கவில்லை. ஓடுகளையெல்லாம் இழுத்து வந்து அடிபருத்த பெருக்க மரத்தின் நிழலில் கொட்டியது.

எல்லாரும் கூடினார்கள். கோரோ என்ற கழுதைப்புலிதான் முதலில் வாயைத் திறந்தது.

“உடையாத கை என்றீர்களே. இதெல்லாம் யார் உடைத்தது?”

“நான்தான்” என்றது நியேலே.

கழுதைப்புலிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தரையில் விழுந்து புரண்டு சிரித்தது. நியேலே சுருண்டுகொள்ளத்தான் நினைத்தது. ஆனால் அத்தனை பெரிய குவியலையும், அதன் மேல் நின்று சாவகாசமாகக் கொறிக்கும் பென்டாவையும் பார்த்ததும் அதற்கே சிரிப்பு வந்துவிட்டது. நியேலே சிரித்ததும் காடே சிரித்தது.

டெம்பா மட்டும் சிரிக்கவில்லை. “உடைந்ததைக் கலந்தால் புதியதும் உடையாதா?”

“உடையலாம். ஆனால் இந்த ஓடு ஏற்கெனவே தீயைப் பார்த்தது. இனி சுருங்காது. பச்சை மண் சுருங்கி இழுக்கும்போது இது நடுவில் நின்று தாங்கும் என்று நம்புகிறேன். அடையில் பார்த்துவிட்டேன், தீயில் பார்க்கவில்லை. முடிவை நீங்கள் சொல்லுங்கள்.”

டெம்பா இரண்டு அடைகளையும் முகர்ந்து பார்த்தது. பிறகு குவியலின் மேல் ஏறி மிதிக்கத் தொடங்கியது. மற்ற எருமைகளும் சேர்ந்துகொண்டன. குளம்புச் சத்தம் மத்தளம் போல எழுந்தது. சிரித்த கோரோவே களிமண் சுமந்து வந்தது.

தாழி எழுந்தது. நியேலே அதைச் சுற்றி நடந்து நடந்து, கடைசியில் தன் தலைக்கு மேலே கை நீட்டி விளிம்பு கட்டியது. நன்றாகக் காய்ந்தபின், புல்லும் சாணமும் மூடித் தீ வைத்தார்கள்.

தீ சடசடத்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நியேலேவின் செதில் சிலிர்த்தது. ஒருமுறை படீரென்றது. எல்லாரும் மூச்சை அடக்கினார்கள்.

“புல்லோடு சேர்ந்து வந்த மூங்கில் கணுதான் வெடித்தது” என்றது பென்டா.

சாம்பல் அடங்கியதும் நியேலே நகத்தால் தாழியைச் சுண்டியது. ‘டங்’ என்று நீண்டு ஒலித்தது. அப்புறம் அங்கே யாரும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. எருமைகள் குதித்தன, குரங்குகள் கிளையை உலுக்கின, பென்டா குறுக்கும் நெடுக்கும் ஓடிக் கத்தியது. தண்ணீர் கசியாதபடி சூட்டோடு மரப்பட்டைக் கஷாயம் ஊற்றி உட்புறத்தை மெழுகி, தாழியை ஊற்றடியில் வைத்தார்கள். மறுநாள் காலை கன்றுகள் முகம் நனைய நனையக் குடித்தன.

“எனக்கும் கொஞ்சம் விடுங்கள். சிரித்துச் சிரித்துத் தொண்டை வறண்டுவிட்டது” என்றது கோரோ. அதற்கும் வழிவிட்டார்கள்.

மழை வரும்வரை ஒருவரும் காட்டைவிட்டுப் போகவில்லை. நியேலே அடுத்து செய்த குடம் ஒன்று கழுத்து கோணிவிட்டது. அதை எல்லாரும் பார்க்கும்படி வெயிலில் வைத்துவிட்டு, நியேலே அடுத்த குடத்துக்கு மண் பிசையப் போனது.

தவறை ஒளித்து வைத்தால் அது நம்மையே குத்தும், எடுத்துப் பயன்படுத்தினால் அதுவே நம் வேலைக்கு உரமாகும்.