தேயாத புஷ்

"என் வேலையில என்னங்க அம்மணி குறை?"

சென்னியப்பன் அந்தப் புஷ்ஷை மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓங்கிப் போட்டார் என்பதுதான் நிஜம்.

மரகதம் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். உள்பக்கம் கருகிக் கிடந்தது.

புஷ் என்றால் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. ஷாஃப்ட் என்கிற சுற்றும் தண்டைத் தாங்கிப் பிடிக்கிற ஓர் உலோக வளையம். மற்ற பேரிங் மாதிரி உள்ளே குண்டு கிடையாது, உருளை கிடையாது. தண்டும் வளையமும் நேருக்கு நேர் உரசிக்கொண்டே காலம் தள்ளவேண்டும். எந்த மிஷினுக்கு எந்த வளையம் என்பதுதான் ஆளைக் கவிழ்த்துவிடும். கடையில் கிடைக்காத புஷ் வேண்டும் என்றால் கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில் மரகதத்தின் பட்டறைக்குத்தான் வருவார்கள்.

சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒரு பம்பு கம்பெனியின் டூல் ரூமில் அச்சு செய்தே தலை நரைத்தவர். டூல் ரூமை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிற ஜாதி இல்லை அவர். சொந்தமாக லேத் போடவேண்டும், தன் பேர் சொல்லி வேலை வரவேண்டும் என்று ஒரே பிடி. அதற்காகத்தான் தன்னைவிட வயதில் எவ்வளவோ சின்னவளிடம் தொழில் படிக்க வந்து நின்றார். தெரிந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

வயதுக்கு அவளை அம்மணி என்பார். தொழிலுக்கு ஒரு 'ங்க' சேர்த்துக்கொள்வார்.

"இது எங்க ஓடுச்சுங்ணா?" என்றாள் மரகதம்.

"பிஸ்கட் கம்பெனியில. அடுப்புக்குள்ள ஓடற செயினுக்கு."

"அளவு?"

"அளவுல குத்தம் சொல்ல எவனாலயும் முடியாதுங்க. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படிப் பாலிஷ்."

மரகதம் டீ போடுகிற அடுப்பைப் பற்றவைத்தாள். அதன்மேல் ஓர் இரும்புத் தகட்டை வைத்தாள். தகடு காய்ந்ததும் எண்ணெய்க் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள்.

புஸ்ஸென்று புகை கிளம்பியது. அடுத்த நிமிஷம் தகட்டில் ஒரு கறைதான் மிச்சம்.

"உங்க எண்ணெய் எங்கீங்ணா?"

சென்னியப்பன் கருகிய புஷ்ஷை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

அவள் அலமாரியிலிருந்து வேறொரு புஷ்ஷை எடுத்துக் கொடுத்தாள். உள்சுவர் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. பென்சிலுக்குள் இருக்கிற கரி மாதிரிதான், ஓட்டை போட்டு அடைத்திருந்தாள். எண்ணெய் வேண்டாம். உரச உரச அந்தக் கரியே வழுக்கிக் கொடுக்கும்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறாமையாகவே இருந்தது.

அதற்குப் பிறகு மனுஷர் விட்டால்தானே. காலையில் பட்டறை திறக்குமுன் வாசலில் நிற்பார். கரும்பு ஆலைக்குப் போகிற புஷ்ஷைத் தொட்டுப் பார்ப்பார், மாவு மிஷினுக்குப் போவதைத் தொட்டுப் பார்ப்பார், கிணற்று மோட்டாருக்குப் போவதைத் தொட்டுப் பார்ப்பார். மூன்று தண்டும் ஒரே கனமாக இருக்கும், மூன்று புஷ்ஷும் மூன்று விதமாக இருக்கும். ஒன்று வெண்கலச் சாதியான கன்மெட்டல், ஒன்று நைலான். கிணற்று மோட்டாருக்குப் போவதில் பார்த்தால் ரப்பர். டூல் ரூம்காரருக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

"ஒரே ஒரு கணக்குச் சொல்லிக் குடுத்துருங்க அம்மணி. அதை வெச்சு நான் பொழைச்சுக்கறேன்."

மரகதம் வாசலைக் காட்டினாள்.

அங்கே நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். சிவகிரிப் பக்கம் மஞ்சள் பாலிஷ் மில் வைத்திருப்பவர். வேகவைத்துக் காயவைத்த மஞ்சளை ஒரு பெரிய இரும்பு டிரம்மில் போட்டுச் சுற்றவிட்டால் மேல்தோல் கழன்று பளபளவென்று வரும். சந்தைக்குப் போகிற மஞ்சளெல்லாம் அப்படி உருண்டு எழுந்ததுதான்.

"வருசா வருசம் இதே தொல்லைங்க," என்றார் நாச்சிமுத்து. "சீசன் பாதியில புஷ் தேஞ்சு டிரம் ஆட ஆரம்பிச்சுருது. மில்லை நிறுத்துனா மஞ்சள் போட்ட காட்டுக்காரங்க மூட்டையைத் தூக்கிட்டு அடுத்த மில்லுக்குப் போயிருவாங்க. ஒருக்கா போனவங்க திரும்ப வரமாட்டாங்க. இந்த வருசமும் நின்னுதுன்னா நான் மில்லை மூடிட்டுப் போகவேண்டியதுதான். எனக்குத் தேயவே தேயாத புஷ் வேணும்."

"இவரு செஞ்சு குடுப்பாருங்ணா," என்று மரகதம் சென்னியப்பனைக் கைகாட்டினாள்.

சென்னியப்பனுக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. தேயக்கூடாதா? இதைத்தானே ஆயுசு பூராவும் செய்தார். டூல் ரூமில் தேய்கிற சாமான் செய்தவனை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"எஃகுல கடைஞ்சு, ஹார்டன் பண்ணி, கிரைண்டிங் புடிச்சுத் தர்றேன். அரத்தை வெச்சு ராவுனாலும் ஒரு கீறல் விழாது. இது தேஞ்சுதுன்னா நான் லேத்தைத் தொடறதையே விட்டுர்றேன்."

நாச்சிமுத்து கும்பிட்டார்.

மரகதம் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"ஷாஃப்ட்?"

"ஷாஃப்டுக்கு என்னங்க, அது நல்லாத்தான் இருக்குது," என்றார் சென்னியப்பன். அவர் மனசு அதற்குள் எஃகு வாங்கக் கடைக்குப் போயிருந்தது.

மரகதம் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

புஷ் தயாரானது. சும்மா சொல்லக்கூடாது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. வழுவழுவென்று, கரும்பாறை மாதிரி கெட்டி. நாச்சிமுத்துவின் மில்லுக்குப் போனது. சீசன் தொடங்கியது. ஒரு புகாரும் வரவில்லை. சென்னியப்பன் டீக்கடையில் நிமிர்ந்து உட்கார்ந்து டீ குடித்தார். லேத் போட இடம்கூடப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பங்குனி பாதியில் நாச்சிமுத்துவின் மில்லிலிருந்து ஒரு டெம்போ வந்து பட்டறை வாசலில் நின்றது.

புஷ் அப்படியே இருந்தது. ஒரு நூல் தேயவில்லை.

ஷாஃப்ட் செத்துப்போயிருந்தது.

புஷ் உட்கார்ந்த இடத்தில் தண்டு இடுப்பு ஒடுங்கி, சுற்றிலும் பள்ளம் பள்ளமாக அரித்து, தொட்டால் கையைக் கிழிக்கும் போலிருந்தது. டிரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டதாகவும், அதைப் பிரித்துத்தான் தண்டை எடுத்ததாகவும் டெம்போக்காரன் சொன்னான். மில் களத்தில் மூட்டைகள் அடுக்கியபடி கிடக்கின்றனவாம். நாச்சிமுத்து வரவில்லை. வர மனசில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சென்னியப்பன் அந்தத் தண்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது. இந்த வயதில் பட்டறை வாசலில் உட்கார்ந்து அழுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"புஷ்ஷை மாத்தறது அரை நாள் வேலை," என்றார், யாரிடம் என்று இல்லாமல். "ஷாஃப்டை மாத்தணும்னா டிரம்மையே பிரிக்கணும். அந்த மனுசன் குடியைக் கெடுத்துட்டேன்."

மரகதம் உள்ளே போனாள். இரும்பு அடுக்கின் அடியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக்கொண்டு வந்தாள். நீளமாக, கனமாக. புதுசு. வெட்டிய நுனியில் துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவியிருந்தது.

சென்னியப்பன் டேப்பை வைத்துப் பார்த்தார். சொல்லிவைத்த மாதிரி டிரம் ஷாஃப்டுக்கு உண்டான நீளம்.

"இதை எப்ப வாங்குனீங்க?"

"நீங்க புஷ்ஷை ஹார்டன் பண்ணக் குடுத்தீங்களே, அன்னிக்கு."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அப்பத் தெரிஞ்சே விட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒரு வார்த்தைதாங்ணா சொன்னேன்."

அவர் கம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு லேத்துக்குப் போனார்.

அன்றைக்கு அவர் மத்தியானச் சோற்றுக்கு எழுந்திருக்கவில்லை. பொழுது சாயுமுன் புது ஷாஃப்ட் தயாராகிவிட்டது. கடைசல் என்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆள் இல்லை, அதைச் சொல்லியாகவேண்டும்.

"புஷ்?" என்றாள் மரகதம்.

"இன்னும் செய்யலைங்க. நான் மொதல்ல சிவகிரிக்குப் போய்ட்டு வந்துர்றேன்."

மரகதம் அவரை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பைக் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை மில்லில் நாச்சிமுத்து முகம் கொடுத்துப் பேசவில்லை. சென்னியப்பன் அதைச் சட்டை செய்யவும் இல்லை. பிரித்துக் கிடந்த டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார். தரையில் கிடந்த மஞ்சள் தூசியை உள்ளங்கையில் எடுத்து விரலால் தேய்த்தார். வெறும் தூசி இல்லை. காட்டு மண் கலந்த நறநறப்பு.

"இதுக்குக் கிரீஸ் யாருங்க வெக்கறது?"

வேலைக்கு நின்ற பெண்மணி ஒருத்தி, பேர் சரசாத்தா, மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். "ஞாபகம் வந்தா நான் வெப்பேனுங்க. காலையில ஒருக்கா. மூட்டை வந்து எறங்கீருச்சுன்னா யாருக்குக் கிரீஸ் ஞாபகம்?"

சென்னியப்பன் தலையாட்டிக்கொண்டார். இதையெல்லாம் முதலிலேயே வந்து கேட்காத தன் புத்தியை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

பட்டறைக்குத் திரும்பினார். அலமாரியில் இருந்த எஃகைத் திரும்பியும் பார்க்கவில்லை. கன்மெட்டல் துண்டு ஒன்றை எடுத்தார். சிவப்பாக, மிருதுவாக, கடைசல் உளிக்கு இணங்கிக் கொடுக்கிற உலோகம். கைப்பழக்கம் விடவில்லை, இறுக்கமாக வைக்கத்தான் கை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டார். கிரீஸ் தங்க உள்ளே அகலமாக ஒரு காடி வெட்டினார், ஒரு வேளை வைக்க மறந்தாலும் தாங்குகிற அளவுக்கு. தூசி நுழையாமலிருக்க இரண்டு பக்கமும் கம்பளித் துணியில் வளையம் வெட்டிப் போட்டார். அதையும் மீறி நுழைகிற மண் அந்த மிருதுவான உலோகத்துக்குள் புதைந்து கிடக்கட்டும், தேய்வதானால் தண்டு தேயாமல் இதுவே மெதுவாகத் தேய்ந்து சீசனைத் தாண்டட்டும் என்று விட்டுவிட்டார்.

மரகதம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கு மறுநாள் மில்லில் பிரித்துக் கிடந்த டிரம்மில் புது ஷாஃப்டை ஏற்றினார்கள். களத்தில் மூட்டைக்காரர்கள் கூடி நின்றார்கள். அடுத்த மில்லுக்குப் போகலாமா இருக்கலாமா என்று அவர்கள் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. மேற்கே வானம் கறுத்திருந்தது. மழை விழுந்தால் களத்து மஞ்சள் அத்தனையும் பாழ்.

நாச்சிமுத்து புது புஷ்ஷைக் கையில் வாங்கினார். சந்தேகம் அவரை விடவில்லை. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அதன் ஓரத்தில் ஓர் இழு இழுத்தார்.

பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது.

"என்னங்க இது," என்றார் நாச்சிமுத்து. அவர் குரலே இறங்கிவிட்டது. "சாவி பட்டாலே கீறுது. இதை நம்பியா நான் இத்தனை மூட்டையை நிறுத்தி வெச்சிருக்கேன்? போன தடவை கொண்டாந்தது கல்லு மாதிரி இருந்துதே. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது எப்ப தேய ஆரம்பிக்கும்?"

சென்னியப்பன் புஷ்ஷை வாங்கித் தன் வேட்டி நுனியால் துடைத்தார். தண்டில் கிரீஸைத் தடவினார். புஷ்ஷை மெல்ல உள்ளே தள்ளினார். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.

"மொத சுத்துலயே தேய ஆரம்பிச்சுருமுங்க," என்றார். "அப்படித்தான் செஞ்சு கொண்டாந்திருக்கேன்."