வயரைக் கழற்றிய பிறகு

ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் வயர் நுனிகளைத் துடைத்துக்கொண்டே பொன்னுரங்கம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வந்திருக்கிறதே!

அவருக்கு நாற்பத்தாறு வயது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே ஏழு வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். அவருடைய குரு நிலோஃபர் மேடத்துக்கு முப்பத்துமூன்றுதான். மாசக் கடைசிக்குள் கட்டுரை போகாவிட்டால் பொன்னுரங்கத்தின் பதிவு ரத்து. ஏழு வருஷமும் தண்ணீரில் போட்ட மாதிரி.

வேலை இதுதான். ஆளுயர டப்பா ஒன்று. அதற்குள்ளே, ஐஸ்கட்டியே சூடு என்று சொல்லும்படியான குளிரில் கடுகளவு குவாண்டம் சில்லுகள் இரண்டு. சில நேரம் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து ஜோடியாக்குவார், சில நேரம் தனித்தனியாக விடுவார். வயர் வழியே வரும் இரைச்சலை வைத்தே ஜோடியா தனியா என்று கம்ப்யூட்டர் தானாகக் கற்றுச் சொல்ல வேண்டும்.

“அனுப்பிடலாமா மேடம்?”

நிலோஃபர் எழுந்து வந்து, டப்பாவிலிருந்து வரும் வயரைக் கழற்றித் தொங்கவிட்டார்.

“நாளைக்கு முழுக்க இப்படியே அளந்துட்டு கம்ப்யூட்டர்கிட்டக் கேளுங்க.”

“உள்ளே இருக்கிறது ஒண்ணும் வெளியே வராதே மேடம்! எதை வச்சு அது சொல்லும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

மறுநாள் வழக்கம்போலக் காலையில் ஜோடியை அளந்தார், மதியம் தனியை. கம்ப்யூட்டர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. காலையில் அளந்ததை ஜோடி என்றது, மதியம் அளந்ததைத் தனி என்றது. அதே தொண்ணூற்றொன்பது!

பொன்னுரங்கம் தொங்கும் வயரை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு மேடத்திடம் ஓடினார்.

“ஜோடியை எப்பவும் காலையிலதான் அளப்பீங்களா சார்?”

“ஆமா மேடம். சேர்த்து வைக்கிறது நல்ல காரியம் இல்லையா, பொழுது ஏறுமுன்னே செஞ்சிடுவேன். பிரிக்கிறதைச் சாப்பாட்டுக்கு அப்புறம்…”

நிலோஃபர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அப்போ நீங்க அதுக்கு வெயிலைச் சொல்லிக்கொடுத்திருக்கீங்க.”

மதியம் அறை சூடேறினால் கருவிகளின் இரைச்சல் மாறும். கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

“இருபது நாள்தான் இருக்கு மேடம்.”

மேடம் பர்ஸைத் திறந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து நீட்டினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் பூவா தலையா. தலை விழுந்தால் ஜோடி, பூ விழுந்தால் தனி. முகூர்த்தம் பார்க்கவில்லை, ராகு காலம் பார்க்கவில்லை. சுண்டிச் சுண்டிக் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. கம்ப்யூட்டருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொடுத்தார். கடைசி இரண்டு நாள் வயரைக் கழற்றிவிட்டு அளந்தார்.

பதினேழாம் நாள் வராந்தாவே அதிர ஓடி வந்தார். ஒரு கால் செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது.

“தோத்துடுச்சு மேடம்! தோத்துடுச்சு!”

யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எதிர் அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நிலோஃபர் எழுந்து நின்றுவிட்டார். “எவ்வளவு?”

“வயர் இல்லாம நூத்துக்கு அம்பது! குருட்டாம்போக்குல அடிச்சு விடுது. ஒண்ணுமே தெரியலை மேடம் அதுக்கு!”

“மாட்டிட்டுக் கேட்டா?”

“தொண்ணூத்திமூணு.”

மேடம் கை தட்டினார். எதிர் அறைக்காரர்களும் விஷயம் புரியாமலே தட்டினார்கள்.

பொன்னுரங்கம் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கட்டுரையில எதை முதல்ல எழுதறது மேடம்?”

“ஒத்தைச் செருப்போட என்ன கத்திக்கிட்டு வந்தீங்க? அதை.”