ஐயாவின் சாயல் இல்லாத மேனேஜர்

கோயமுத்தூரில் கிரீடம் வைக்காத ராஜா ஒருவர் இருந்தார். பெயர் சென்னியப்பன். மோட்டார் பம்பு விற்றுச் சம்பாதித்தவர், பிறகு ஆசைப்பட்டு ஒரு டிவி சேனல் ஆரம்பித்தார். எல்லாரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐயா நல்லவர்தான். ஆனால் அவர் அறைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் குடிப்பார்கள்.

அந்தச் சேனலில் ஜனங்கள் விரும்பிப் பார்த்த ஒரே நிகழ்ச்சி ‘மேல்மாடி ஆபீஸ்’ என்ற நகைச்சுவைத் தொடர். ஒரு கம்பெனி, நாலைந்து ஊழியர்கள், அவர்களை வாட்டி எடுக்கும் ஒரு மேனேஜர். வாரம் ஒரு கதை. எழுதுகிறவள் பூங்கோதை. மேனேஜராக நடித்தவர் நாச்சிமுத்து. இந்தத் தொடருக்காகத் தன் நாடகக் குழுவையே விட்டுவிட்டு வந்தவர்.

நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாளர் கிருபாகரன். அவருடைய மச்சான் ஒரு சமையல் நிகழ்ச்சி எடுத்து வைத்துக்கொண்டு, போட இடமில்லாமல் இருந்தார். ‘மேல்மாடி ஆபீஸ்’ வரும் நேரத்தின் மேல்தான் கிருபாகரனுக்குக் கண். ஒரு நாள் ஐயாவிடம் போய் மெதுவாக ஆரம்பித்தார்.

“ஊரே சிரிக்குதுங்கய்யா. அந்த மேனேஜர் லீவு கேட்டா மோட்டுவளையைப் பாக்கறதும், அடுத்தவங்க டீயை எடுத்துக் குடிக்கறதும், அச்சு அசல் உங்களை மாதிரியே இருக்குதுன்னு பேசிக்கறாங்க.”

ஐயா மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு பூங்கோதையைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பூங்கோதை வந்து நின்றாள். கிருபாகரன் சொன்னதில் பொய் இல்லை. ஐயாவைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்கு வசனமே வரும். ஆனால் ஐயா கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“அம்மணி, அடுத்த வாரம் அந்த மேனேஜர்கிட்ட என்னோட சாயல் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. நான் செய்யற எதையும் அவன் செய்யக் கூடாது. ஆனா ஜனங்க எப்பவும் போலச் சிரிக்கோணும். முதல்ல நான் பாப்பேன். சிரிப்பு வரலீன்னா தொடரையே நிறுத்திருவேன்.”

பக்கத்தில் நின்ற கிருபாகரனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மேனேஜர் உறுமாவிட்டால் அந்தத் தொடரில் சிரிக்க என்ன இருக்கிறது?

மேக்கப் அறையில் நாச்சிமுத்து இதைக் கேட்டுவிட்டுப் பாதி மீசையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோபப்படாமல், குத்திக்காட்டாமல் தான் எதைத்தான் நடிப்பது என்று கேட்டார். பூங்கோதை கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“ஐயா சொன்னதை அப்படியே செஞ்சிரலாங்கண்ணா. ஒரு சொல்லுகூட மீற வேண்டாம்.”

படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனது. கேமராக்காரர் சிரித்துச் சிரித்துக் கேமராவை ஆட்டிவிட, எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. ஒருவழியாக முடித்து, ஐயாவின் அறையில் போட்டுக் காட்டினார்கள்.

கதை இதுதான். ஒரு நாள் காலையில் மேனேஜர் சரியான நேரத்துக்கு வருகிறார். எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறார். ஒரு குமாஸ்தா, பெரியப்பா செத்துப்போனார் என்று பொய் சொல்லி இரண்டு நாள் லீவு கேட்கிறான். மேனேஜர் நாலு நாள் கொடுத்து, அவன் கண்ணையும் துடைத்துவிடுகிறார். குமாஸ்தாவுக்கு உடனே பெரியப்பா உயிரோடு இருக்கிறாரா என்று சந்தேகம் வந்து ஊருக்குப் போன் போடுகிறான். மீட்டிங்கில் எல்லாருடைய அபிப்பிராயத்தையும் கேட்கிறார் மேனேஜர். கேட்டுப் பழக்கமில்லாததால் ஒருவன் எழுந்து தன் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லிவிட்டு உட்காருகிறான். அப்புறம் அவரே டீ போட்டு எடுத்து வருகிறார். ஆபீஸே நடுங்கிப்போகிறது. கம்பெனியை மூடப்போகிறார்கள் என்கிறாள் ஒருத்தி. மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்கிறான் இன்னொருவன். கடைசியில் நாலு பேர் சேர்ந்து அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிறார், உடம்புக்கு ஒன்றுமில்லை, மரியாதை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று.

ஐயா வயிறு குலுங்கச் சிரித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எத்தனை நல்ல மனுசன் பாரு. யாரைப் பாத்து எழுதுன அம்மணி?”

பூங்கோதை வாயைத் திறப்பதற்குள் கிருபாகரன் முந்திக்கொண்டார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துப் பேசுகிறவர் அவர்.

“இதுல என்னங்கய்யா சந்தேகம். அந்த நல்ல குணம் பூராவும் உங்களுதுதானுங்க.”

பூங்கோதை பயந்தவள் போலக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“அப்படீன்னா நான் உங்க பேச்சை மீறிட்டனுங்கய்யா. நீங்க செய்யற எதையும் செய்யாத ஆளாப் பாத்துத்தான் எழுதினேன். இதுல உங்க சாயல் இருக்குதுன்னா நீங்களே சொல்லிருங்க. அதையும் எடுத்தர்றேன்.”

ஐயா மாட்டிக்கொண்டார். சாயல் இருக்கிறது என்றால், தான் சிரித்து ரசித்த கதையைத் தானே எடுக்கச் சொன்னதாகிவிடும். இல்லை என்றால், தான் எப்படிப்பட்டவர் என்பதைத் தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். கிருபாகரன் தரையைப் பார்த்தார். ஐயா பூங்கோதையையே பார்த்தார். அவருடைய உதடு முதலில் துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்புக்கு முன்னால், படத்தைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

“கிருபாகரா, உன்ற மச்சானோட சமையலை வெடியால அஞ்சு மணிக்குப் போட்டுக்க. பசிக்கறவன் எந்திரிச்சுப் பாக்கட்டும்” என்றார். பிறகு பூங்கோதையின் பக்கம் திரும்பினார். “இதை இன்னைக்கு ராத்திரியே போட்டரலாம். ஆனா அந்த நேரத்துல நம்ம ஆளுக ஒருத்தரையும் வீட்டுக்கு விட்டராத. இந்த மேனேஜரைப் பாத்துட்டு வந்து எல்லாரும் நாலு நாள் லீவு கேட்டா, நான் எங்க போவேன்?”

“இது டிவி ஆபீஸுங்கய்யா. இங்க மாடிப்படியில கூட நம்ம சேனல்தான் ஓடுது.”

 தோற்றுப்போன சந்தோஷத்தில் ஐயா, அன்றைக்கு மத்தியானத்தோடு எல்லாருக்கும் லீவு, வீட்டில் உட்கார்ந்தே பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். பூங்கோதையும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

“நீ எங்க கெளம்பிட்ட? உக்காந்து அடுத்த வாரத்தை எழுது அம்மணி” என்றார் ஐயா. “பழைய மேனேஜரைப் பாத்து எழுதோணும்னா இங்கதான இருக்கோணும்?”