மொச்சைக் குழம்புக்கு உப்புப் பார்த்த பல்லி

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் நிறையப் பேச்சு இருந்தது. செம்பாயி வீட்டு அடுப்படிச் சுவரில் அப்படி ஒரு வாயாடிப் பல்லி. தெருக்கதை முழுக்க அதற்கு அத்துப்படி.

செம்பாயி குழம்பு வைத்தால் உப்புப் பார்ப்பது அவள் புருஷன் ஒச்சப்பன்தான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவான். "ச்சு ச்சு ச்சு" என்று நாக்கைத் தட்டுவான். இறக்கலாம் என்று அர்த்தம்.

ஒரு காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்தான். அதன்பின் செம்பாயி அடுப்பைப் பற்றவைக்கவும் இல்லை, ஒரு வாய் சோறு தின்னவும் இல்லை. அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்தாலும், "அம்மா சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்" என்று மகள் குருவம்மா துரும்பாக இளைத்தாள். விளக்கும் ஏற்றாததால் பூச்சி வரவில்லை. பல்லிக்கும் பட்டினி.

"ஏ செம்பாயி, இருக்கிற பிள்ளையைப் பாரு. நாளைக்குக் கருமாதி. அவனுக்குப் பிடிச்சதை ஆக்கிப் படைக்க வேண்டாமா?" என்றது பல்லி.

மறுநாள் மொச்சைக் குழம்பு கொதித்தது. கரண்டியை எடுத்த செம்பாயியின் கை அப்படியே நின்றது.

"உப்புப் பாக்குறது அவரு வேலை. நான் எப்படிப் பாப்பேன்?" என்று உட்கார்ந்து அழுதாள். குழம்பு சுண்டிக்கொண்டே போனது. இது அடிப்பிடித்தால் இவள் இனி அடுப்பைத் தொடவே மாட்டாள் என்று பல்லிக்குத் தெரிந்துபோயிற்று.

பல்லிகளுக்கு ஒரு விதி உண்டு. ஒரு பல்லி இறந்தவர் குரலை எடுத்தால் அதற்கும் அதன் வம்சத்துக்கும் சொந்தப் பேச்சு போய்விடும், அந்தக் குரல் மட்டும்தான் மிஞ்சும். பேச்சுதானே அதற்கு உயிர்! பல்லி குருவம்மாவைப் பார்த்தது. வாலை ஒருமுறை ஆட்டியது.

"ச்சு ச்சு ச்சு."

செம்பாயி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "இந்தா இறக்கிட்டேங்க" என்று சட்டியை இறக்கினாள்.

படைத்து முடித்ததும் தாயும் மகளும் இலையில் உட்கார்ந்தார்கள். முதல் வாயிலேயே குருவம்மா முகத்தைச் சுளித்தாள். "யம்மா, ஒரே உப்பு!"

"உங்கப்பா என்னிக்குடி சரியாச் சொன்னாரு?" என்று செம்பாயி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. இருவரும் இலையை வழித்துத் தின்றார்கள். பல்லிக்கு அப்பாடா என்றிருந்தது. சொல்லத்தான் வாயில்லை.

அன்று முதல்தான் படையல் சமையலுக்கு யாரும் உப்புப் பார்ப்பதில்லை. சுவரில் பல்லி சொன்னால் போதும், போனவரே சரி என்றதாக மனசு லேசாகிவிடுகிறது. உப்புக் கூடினாலும் அன்றைக்கு ஒருவரும் குறை சொல்வதில்லை.