கை தவறிய முன்சு

“இருபத்தாறு வயசுல என்னைக் கிழவன்ங்கறாங்க! மேசையைக் காலி பண்ணுங்கறாங்க! நேத்து வந்த பொடிப்பயல் என் நாற்காலியில உட்கார்ந்து நூடுல்ஸ் திங்கறான்!”

ஜேசொப் வந்ததிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“கேட்டுச்சு. முதுகுல ஜிப்பை இழு,” என்றான் முன்சு.

குரு என்றதும் தாடியும் மரத்தடியும் எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இந்தக் குரு சியோலில் ஒரு டிவி நிலையத்து மேக்கப் அறையில், பச்சைத் தவளை உடுப்புக்குள் பாதி நுழைந்து நின்றுகொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன்மேல் மாவை அடிப்பார்கள். நாடே சிரிக்கும்.

சிஷ்யன் ஜேசொப்போ கம்ப்யூட்டர் விளையாட்டில் சாம்பியன். சாயங்காலத்துக்குள் தன் ஓய்வை அவனே அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அணி அறிவித்துவிடும்.

இருவரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். அந்த ஊரில் வாடா போடா என்று பேச அது போதும்.

“அந்த அசிங்கத்துக்கு அப்புறமும் எப்படிடா சிரிக்கறே? எப்படித் தாங்கினே? அதை எனக்குக் கத்துக்கொடு.”

அசிங்கம் என்றது ஐந்து வருஷத்துக்கு முந்தைய இறுதிப் போட்டியை.

தோற்கிறவன் ‘ஜிஜி’ என்று திரையில் தட்டிவிட்டு எழுந்துவிட வேண்டும். அந்த ஆட்டத்தின் மரபு அது. ‘குட் கேம்’, நல்ல ஆட்டம் என்று பொருள். சரணாகதி என்று பயன். தட்டினால் தட்டினதுதான்.

அன்று முன்சு ஜெயித்துக்கொண்டிருந்தான். ஜேசொப்பின் கோட்டை பாதி எரிந்திருந்தது. திடீரென்று திரையில் முன்சுவின் ஜிஜி!

கோப்பை ஜேசொப்புக்குப் போனது. ‘கை தவறிய முன்சு’ என்று ஊர் கேலி செய்தது. அவன் அந்தக் கேலியையே பிழைப்பாக்கிக்கொண்டான்.

“லேப்டாப் வெச்சிருக்கியா? எடு. நான் இந்தக் கம்ப்யூட்டர்ல உட்கார்றேன். ஒரு ஆட்டம்.”

“நீ தொட்டே வருஷக்கணக்காச்சு. அழுதுடுவே.”

“தவளை அழாது.”

தவளைக் கையுறைகளை உரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

ஜேசொப்புக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. பிறகு வேர்த்தது.

வலப்பக்கக் கோட்டை விழுந்தது. இடப்பக்கமும் விழுந்தது. கிழவன் என்று இவனை ஒதுக்கினார்களே, அதே வயதுக் கை எதிரே அடைமழை மாதிரி தட்டிக்கொண்டிருந்தது.

மிச்சம் ஒரு கொட்டகை. ஜேசொப் பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஜி’யின்மேல் விரலை வைத்தான்.

அதற்குள் திரையில் ஜிஜி வந்துவிட்டது.

முன்சுவுடையது.

‘வெற்றி!’ என்றது ஜேசொப்பின் திரை.

“மறுபடியும் கை தவறிடுச்சாடா, மடையா!”

முன்சு ஒரு விரலை நீட்டினான். ஜி. நிதானமாக மறுபடி, ஜி. விரலைத் தூக்கினான். கீபோர்டின் அந்தக் கோடி வரை கொண்டுபோனான். என்டர்.

“மூணு தடவையாடா தவறும்?”

ஜேசொப் லேப்டாப்பைத் தள்ளிவைத்தான்.

“அப்போ... அன்னிக்கு?”

“அன்னிக்கு என் கை ஜெயிச்சுக்கிட்டிருந்தது. எனக்கு அங்க வேலையே இல்ல. எழுந்து வந்துட்டேன்.”

ஜேசொப்பின் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்குப் போட்டு வைத்திருக்கிறாள் அம்மா அந்தக் கோப்பையை. வருகிறவர்கள் எல்லாரும் அதோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

“இதை ஏன்டா என்கிட்ட சொன்னே?”

“எப்படித் தாங்கறதுன்னு கேட்டியே.”

வெளியே யாரோ கத்தினார்கள். “தவளை! மேடைக்கு!”

முன்சு தவளைத் தலையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அறைச் சுவரிலிருந்த டிவியில் மாவு பறந்தது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தவளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ஜேசொப் டிவிக்குக் கிட்டே போய் நின்றான்.

“டேய் முன்சு,” என்றான். “அந்த ஜிஜியைத் திரும்ப எடுத்துக்கடா.”