பல் ஆஸ்பத்திரியில் போட்ட லினக்ஸ்

தூத்துக்குடியில், கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச லினக்ஸைச் சொல்லிக்கொடுக்கக் கூட்டம் நடத்துகிற ஞானசிகாமணிக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. ஞாயிறுதோறும் அவர் மனைவியின் பல் ஆஸ்பத்திரியில்தான் கூட்டம். புதிதாக வருகிறவர்களை அவர் படுத்துகிற பாட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு ஜெராக்ஸ் கடை சகாயமேரி அக்கா தன் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"புது விண்டோஸ் இதுல ஓடாதாம் சார். நாளைக்குக் காலேஜ் விண்ணப்பம் போடப் பிள்ளைங்க வருவாங்க. எனக்கு லினக்ஸ் புதுசு. அதுல நிறைய வகை இருக்காமே, எதைப் போடலாம்?"

"இருக்கிறதிலேயே கஷ்டமானதைப் போடு! மவுஸைத் தொடாம, கறுப்புத் திரையில கட்டளை அடிச்சு எல்லாத்தையும் நீயே நிறுவணும். மின்ட் மாதிரி சுலபமானதெல்லாம் சோம்பேறிங்களுக்கு. அதைப் போட்டா இந்தப் பக்கமே வராதே!"

உதவி கேட்டு வந்தவரிடம் பேசுகிற பேச்சா இது?

அக்கா முகம் மாறவில்லை. வரவேற்பு மேஜையிலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டி, "இதுலயும் லினக்ஸா சார்?" என்றார்.

"பின்னே? என் கையாலயே போட்டது!"

"அப்ப எனக்கும் இதையே போட்டுக் குடுங்க."

சொல்லிக்கொண்டே அக்கா மவுஸை அசைத்தார். திரை விழித்தது. பளிச்சென்று மின்ட்!

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஞானசிகாமணிக்கு நாக்கு குழறியது.

"அது... பேஷன்ட் காத்திருக்கும்போது கம்ப்யூட்டர் நின்னுடக் கூடாதுல்ல..."

"என் கடை வாசல்லயும் மனுஷங்கதான் சார் காத்து நிக்கிறாங்க."